ஷோனா வைத்துவிட்டுப் போன தப்பு

அவரைத் திட்டுவதற்காகத்தான் போனைக் கையில் எடுத்தேன். ஷோனா கில்வரி எழுதிய கடைசி அத்தியாயம் முந்தின நாள் மின்னஞ்சலில் வந்திருந்தது. காலையில் கடையைத் திறந்து, பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்து அடுக்கிவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் படித்தேன். ஒரு வரியில் தூக்கிவாரிப் போட்டது. இது உண்மையா, இல்லை நீங்கள் வேண்டுமென்றே வைத்த தப்பா, அதை முதலில் சொல்லுங்கள் என்று கேட்டுவிட வேண்டும் என்ற வேகத்தில் போனைத் திறந்தால், அவருடைய தம்பியின் குரல்பதிவு ஒன்று எனக்காகக் காத்திருந்தது. ஸ்காட்லாந்தின் வடக்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊரில் இருக்கும் மனிதர். அவர் பேசுவது எனக்கு எப்போதும் பாதிதான் புரியும். அன்றைக்கு முழுவதும் புரிந்தது. அக்கா போய்விட்டார், கஷ்டப்படவில்லை, உங்களுக்கு உடனே சொல்லச் சொல்லியிருந்தார் என்றார். இன்னா லில்லாஹி என்று வாய் தானாகச் சொன்னது. மனசு மட்டும் கொஞ்ச நேரம் கோபத்திலேயே நின்றது. கேள்வியைக் கேட்க விடாமல் போய்விட்டாரே என்ற கோபம்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் 'சோனா அக்கா'. செமிலிங் பக்கத்தில் தொப்பி இல்லாமல் வெயிலில் நடந்து மூக்கெல்லாம் சிவந்துபோன வெள்ளைக்கார அம்மா. அவருடைய நாட்டில் அவர் பேர் பெற்ற கவி, வாழ்க்கை வரலாற்றாசிரியர் என்பது சிலருக்கு இப்போதுதான் தெரியவருகிறது. அங்கே இரங்கல் எழுதுகிறவர்கள் பரிசுகளைச் சொல்வார்கள், சொல்லட்டும். நான் சுங்கைப்பட்டாணியில் பத்திரிகையும் பள்ளிப் புத்தகமும் விற்கிற கடைக்காரன். கொஞ்சம் எழுதவும் செய்வேன். ஊருக்கு நான் பாய். அவருக்கும் நான் பாய்தான். அவர் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழாக்கி, அது யாரைப் பற்றியதோ அவர்கள் முன்னாலேயே வாசித்துக் காட்டியது நான். இந்த மலேசியாவில் அவரோடு அதிகம் சண்டை போட்டவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

அவருடைய அத்தைகள், துறைமுகம் துறைமுகமாகப் போய் மீன் குடல் எடுக்கும் வேலை செய்தவர்கள். முதல் கவிதைத் தொகுப்பு முழுக்க அந்தப் பெண்களின் கைகள்தான். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, உப்புக் காந்தலோடு, பாட்டும் வசவுமாக வேலை செய்கிற கைகள். அவர்கள் பேசிய பேச்சிலேயே எழுதினார். லண்டன் விமர்சகர் ஒருவர், பின்னால் அருஞ்சொற்பொருள் சேர்த்திருக்கலாமே என்று குறைபட்டாராம். "புரியாதவர் மீன் சந்தைக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்" என்று பதில் எழுதினேன் என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். அதன் பிறகு வந்த தொகுப்புகளிலும் அவர் அந்தப் பிடிவாதத்தை விடவில்லை. பெயர் வந்தது. பெயர் வந்ததும் வாழ்க்கை வரலாறு எழுதச் சொல்லிக் கேட்டார்கள்.

முதலில் எழுதியது, பாட்டுகள் இயற்றிய ஒரு பாதிரியாரின் வாழ்க்கை. நன்றாக விற்ற புத்தகம். அது வெளிவந்த பிறகு ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி, அந்தப் பாதிரியார் வீட்டில் வேலை செய்தவராம், "நன்றாக எழுதியிருக்கிறாய், மகளே. ஆனால் அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததே இல்லை" என்றிருக்கிறார். ஷோனாவின் புத்தகத்திலோ பாதிரியார் பக்கத்துக்குப் பக்கம் சிரித்துக்கொண்டிருக்கிறார். "ஓடிப்போய் ஒவ்வொருவர் கையிலிருந்தும் அதைப் பிடுங்கிவிடலாமா என்று இருந்தது" என்றார் என்னிடம். அன்றிலிருந்து ஒரு விதி. ஒருவருடைய வாழ்க்கையை எழுதினால், அவரை அறிந்தவர்களை உட்கார வைத்து வாசித்துக் காட்டாமல் ஒரு வரியும் அச்சுக்குப் போகாது. கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரின் மனைவியைப் பற்றி எழுதிய அடுத்த புத்தகத்தை ஒரு தீவின் சமூகக் கூடத்தில் அப்படித்தான் வாசித்தார். அவருக்குப் பெரிய பரிசு வாங்கித் தந்தது அதுதான்.

அவருடைய கடைசிப் புத்தகம் அஞ்சலை என்ற தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கை, ஆனால் கெடாவுக்கு அவர் வந்தது அஞ்சலைக்காக அல்ல. செமிலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பல காலம் துரையாக இருந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரரின் வரலாற்றை எழுதித் தரும்படி அவருடைய குடும்பம் கேட்டுக்கொண்டது. ஆங்கிலமும் தோட்டத்துத் தமிழும் தெரிந்த ஆள் வேண்டும் என்று யாரோ என் கடைக்கு அனுப்பிவைத்தார்கள். என் பழைய காடியில் அவரை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். துரை எப்படிப்பட்டவர் என்று கேட்போம். நல்லவருதான் என்பார்கள். அதற்கு மேல் பேச்சு நகராது. பிறகு யாராவது, "அந்த தொரையவே அஞ்சல ஒருநாள் வெயில்ல நிக்க வச்சா தெரியுமா" என்று ஆரம்பிப்பார்கள். அவ்வளவுதான், சாயங்காலம் வரைக்கும் அஞ்சலைதான். பால் மரம் வெட்டிய அஞ்சலை, கணக்கெழுதும் கிராணியிடம் நிறுவையில் வாதாடிய அஞ்சலை, தோட்டத்தை விற்றபோது குடியிருந்த லயத்து வீடுகளைவிட்டு அசைய மாட்டோம் என்று எல்லோரையும் உட்கார வைத்த அஞ்சலை. ஷோனா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் துரை குடும்பத்துக்கு எழுதிப்போட்டுவிட்டார். மன்னிக்கவும், உங்கள் மாமாவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அவரை நிற்க வைத்த பெண்ணைப் பற்றி எழுதப்போகிறேன் என்று. ஏன் இந்த வம்பு என்று நான் கேட்டதற்கு, "ஒரு ஊரே ஒருவரைப் பற்றிப் பேசும்போது நான் வேறொருவரைப் பற்றி எழுதினால் என்னைவிட மடையர் யார்?" என்றார்.

முதல் அத்தியாயம் தயாரானதும், தோட்டத்து மக்கள் இப்போது வீடு வாங்கிக் குடியிருக்கும் தாமான் குடியிருப்பில், மாரியம்மன் கோயில் மண்டபத்தில் வாசிப்பு வைத்தோம். நான் வாசித்தேன். கூட்டம் நிறைய. அஞ்சலை இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. முடித்ததும் எல்லோரும் கைதட்டி, ரொம்ப நல்லாருக்கு, அருமை என்றார்கள். ஒரு திருத்தம் இல்லை, ஒரு மறுப்பு இல்லை. செத்தவரைப் பற்றிச் சபையில் பேசினால் தலையாட்டிக் கேட்பதுதான் மரியாதை என்று நம் ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்டபமே இரங்கல் கூட்டம் மாதிரி இருந்தது. ஷோனாவுக்கு முகம் விழுந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் பீடோங்கில் தேநீர் குடித்தோம். "இவர்கள் என்னை நம்பவில்லை, பாய். நம்பினால் திட்டியிருப்பார்கள்" என்றார் எழுந்திருக்கும்போது.

அடுத்த வாசிப்பில் நடந்ததை மண்டபத்தில் இருந்தவர்கள் மறந்திருக்க முடியாது. அஞ்சலைக்குச் சினிமா என்றாலே பிடிக்காது, தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் படம் போடும் நாள்களில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிடுவார் என்று ஒரு வரி. நான் அதை வாசித்து முடிக்கவில்லை, பாக்கியம் அக்கா எழுந்துவிட்டார். அஞ்சலையோடு ஒரே வரிசையில் மரம் வெட்டியவர், பக்கத்து லயத்துக்காரர். அவர் எழுந்தால் நிறுத்த ஆளில்லை.

"யாரு சொன்னா? படம்னா உசிர விட்டுடுவா அவ. பாய் விரிச்சு எடம் புடிக்க மத்தியானமே போயிடுவா. எந்தப் பொறுக்கி இந்தம்மாவுக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தான்?"

அவ்வளவுதான். பின்னாலிருந்து ஒருவர், ஆமாம், அழுவுற காட்சிக்கு விசில் அடிப்பா என்றார். இன்னொருவர், அவ அழுததே ஒரு நாய் செத்த படத்துக்குத்தான் என்றார். யார் எந்த இடத்தில் பாய் விரித்தார்கள் என்பதில் ஒரு பழைய சண்டை மறுபடியும் முளைத்தது. அஞ்சலை அன்றைக்குத்தான் அந்த மண்டபத்துக்குள் உயிரோடு வந்தார். நான் ஷோனாவைப் பார்த்தால், அவர் குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறார், வாயெல்லாம் சிரிப்பு. காடியில் ஏறியதும், இப்படித் தப்பாக எழுதலாமா என்று பிடித்துக்கொண்டேன். "வேண்டுமென்றேதான் வைத்தேன். பாராட்டினால் வாயை மூடிக்கொள்கிறார்கள். தப்பாகச் சொன்னால் திறக்கிறார்கள்" என்றார். இனி அத்தியாயத்துக்கு ஒன்று, அதற்கு மேல் கிடையாது என்றும் சொன்னார். எது தப்பு என்று எனக்காவது முன்கூட்டிச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றார். நானும் கேட்கிறவர்களில் ஒருவன்தானாம், வாசிக்கும்போது என் குரலே காட்டிக்கொடுத்துவிடுமாம்.

ஜனங்கள் ஒன்றும் மடையர்கள் இல்லை. சீக்கிரமே கண்டுகொண்டார்கள். பிறகு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. சோனா இன்னைக்கு எங்க கல்லைப் போட்டிருக்கா என்று கேட்டுக்கொண்டே வந்து உட்காருவார்கள். மெர்போக்கிலிருந்துகூட வந்தார்கள். ஒரு தப்பைத் தேடப்போய், அவருக்கே தெரியாமல் விழுந்திருந்த வேறு தப்புகளையும் பிடுங்கிப் போட்டார்கள். ஒரு வாசிப்புக்குத் தலைமை தாங்கி மாலை போட்டுக்கொள்ள ஆசைப்பட்டு ஒரு பிரமுகர் ஆள் அனுப்பினார். மாலை இல்லை, ஆனால் அவருடைய அப்பா வருகிற அத்தியாயம்தான் இந்த வாரம், உட்கார்ந்து கேட்டுத் திருத்தலாம் என்று ஷோனா சொல்லி அனுப்பினார். அவர் வரவில்லை.

வாசிப்பு இல்லாத வாரங்களில் ஷோனா தன்னைத் தஞ்சோங் டாவாய்க்குக் கூட்டிப்போகச் சொல்வார். ஆறு கடலில் சேரும் இடத்தில் நெத்திலி காயப்போடும் பெண்கள் பக்கத்தில் போய்க் குந்திக்கொள்வார். அவர்களுடைய மலாயும் இவருடைய மலாயும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை, ஆனாலும் பேசிச் சிரிப்பார்கள். அங்கே எழுதிய கவிதைகள்தான் அவருடைய கடைசித் தொகுப்பு. அத்தைகளின் கைகளும் இந்தக் கைகளும் ஒரே மேசையில் வேலை செய்வதாக ஒரு நீண்ட கவிதை அதில் உண்டு. அதை நான் தமிழாக்கினேன். என் தமிழ் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, மீன் வாடை இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் மறுபடி எழுதினேன், முன்னதைவிட நன்றாகவே வந்தது.

இனி லெட்சுமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அஞ்சலையின் ஒரே மகள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அந்த மண்டபத்துக்கு நடந்துபோகிற தூரத்தில், தாமானின் மூலை வீட்டில் இருக்கிறார். ஆனால் எந்த வாசிப்புக்கும் வந்ததில்லை. காரணம் ஊரறிந்தது. தோட்டம் கைமாறி, லயத்தை இடிக்கப்போகிறோம் என்று கம்பெனி சொன்னபோது, ஜனங்கள் முனியாண்டி கோயிலில் சூடம் ஏற்றி, அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள். புது வீட்டுச் சாவி கைக்கு வரும்வரை கம்பெனியின் காகிதத்தில் ஒருத்தரும் கைநாட்டு வைக்கக்கூடாது. சத்தியத்தைச் சொல்லிக்கொடுத்தவரே அஞ்சலைதான். அந்தச் சத்தியம் உடைந்தது. ஒருவர் வைத்தார், பின்னாலேயே எல்லோரும் வைத்தார்கள். வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. முதலில் உடைத்தது அஞ்சலைதான் என்று பேச்சு. குலுக்கலில் அவருக்குக் கூடுதல் நிலத்தோடு மூலை வீடு விழுந்ததும் அந்தப் பேச்சுக்குக் கால் முளைத்தது. அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவர் செத்தபோது பாடை தூக்க ஆள் போதாமல், மகள் வேலை செய்த தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்து தூக்கினார்கள்.

ஷோனா அந்த வீட்டுக்கு அடிக்கடி போவார். தோசை சாப்பிடுவார், அஞ்சலையின் சின்ன வயசுக் கதைகளைக் கேட்பார், கைநாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். கடைசியில் லெட்சுமியே பேச்சை எடுத்தார். என்ன வேணும்னாலும் எழுதுங்க, அந்த ஒன்ன மட்டும் எழுதிடாதீங்க அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை, ஷோனாவுக்குப் புரிந்துவிட்டது. "எழுதாமல் விட்டால் அது இவர்கள் வாய்க்குள்ளேயே கிடக்கும், லெட்சுமி. சபையில் வைத்தால்தான் அதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்" என்றார். லெட்சுமி சமாதானம் ஆகவில்லை. எங்களை வாசல் வரை கொண்டுவந்து விடவும் இல்லை.

அதற்கப்புறம் ஷோனாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், வைத்தியத்துக்காக ஊர் திரும்பினார். அங்கிருந்துதான் கடைசி அத்தியாயத்தை முடித்து அனுப்பினார். என்னைத் தூக்கிவாரிப் போட்ட வரி அதில்தான் இருந்தது. முன்னும் பின்னும் ஒரு விளக்கமும் இல்லாமல், மொட்டையாக, 'முதலில் கைநாட்டு வைத்தவர் அஞ்சலை' என்று.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். அத்தியாயத்துக்கு ஒரு தப்பு உண்டு, அது எது என்று தெரிந்த ஒரே ஆள் மண்ணுக்குள் போய்விட்டார். இந்த வரிதான் அந்தத் தப்பு என்றால், அதை அப்படியே அச்சில் ஏற்றுவது செத்துப்போன ஒருத்தி தலையில் பொய்யைச் சுமத்துவது. எடின்பரோ பதிப்பகத்தின் பதிப்பாசிரியர், நல்ல மாதிரியான பெண், ஆறுதல் சொல்லி எழுதினார். பிரதி தயார், உடனே அச்சுக்குப் போகிறது, அந்த வரி மிகவும் சக்தி வாய்ந்தது, கைவைக்க வேண்டாம் என்றார். விஷயம் லெட்சுமி காதுக்கும் எட்டியது. கடைக்கே வந்துவிட்டார். அதைக் கிழிச்சுப் போடுங்க பாய், செத்தவங்களுக்காக யாரும் எழுந்து பேசமாட்டாங்க என்று அழுதார். எடுக்கவும் மாட்டேன், அப்படியே போடவும் மாட்டேன் என்றேன் இரண்டு பேரிடமும். மண்டபத்தில் வாசிக்காமல் ஒரு எழுத்தும் நகராது, அதற்குள் அச்சடித்தால் தமிழ்ப் பதிப்பில் என் பெயர் இருக்காது என்று எடின்பரோவுக்கு எழுதினேன். லெட்சுமியிடம், நீங்கள் வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும் என்றேன். ஷோனா இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார், என்ன, என்னைவிடப் பக்குவமாகச் சொல்லியிருப்பார். லெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிந்ததும் வாசிப்பு. ஷோனாவின் படத்தை வைத்து விளக்கேற்றியிருந்தார்கள். லெட்சுமி வந்திருந்தார். முன்வரிசைக்கு வரவில்லை, தூண் ஓரமாக நின்றுகொண்டார். நான் வாசித்தேன். கைநாட்டு வைத்த அன்று விடாத மழை, ஆபீஸுக்குப் போகிற மண்பாதை சேறாகிக் கிடந்தது என்று எழுதியிருந்தார் ஷோனா. உடனே பாக்கியம் அக்கா எழுந்தார்.

"மழையா? பாய், அன்னிக்கு ஒரு சொட்டு விழல லா. கெணறு வத்திப்போயி தண்ணி லோரிக்கு வரிசைல நின்னோம்."

கூட்டம் கலகலவென்று சிரித்தது. கல்லு அங்கதான் இருந்துச்சு, புடிச்சுட்டோம் என்று யாரோ சொன்னார்கள். போன மனுஷியோடு கடைசியாக ஒரு ஆட்டம் ஆடி ஜெயித்த சந்தோஷம். சிரிக்காதவர்கள் நானும் லெட்சுமியும்தான். ஒரு தப்புதானே. மழை தப்பென்றால் மற்றதெல்லாம் அவர் உண்மையென்றே எழுதியது. நிறுத்திவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நிறுத்தினால் ஷோனாவுக்கு நான் யார்? அந்த வரியை வாசித்தேன், மற்ற வரிகளை வாசித்த அதே குரலில்.

மண்டபத்தில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லெட்சுமி தூணைவிட்டு நடுவில் வந்து நின்றார்.

"மழை பொய்யினு சொல்ல எழுந்தீங்க. இது பொய்யா நெசமா, அதையும் சொல்லுங்க. எனக்குத் தெரியணும்."

பாக்கியம் அக்கா உட்காரவே இல்லை, நின்றபடிதான் இருந்தார். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"நெசம்தான் லெச்சுமி. உங்கம்மாதான் மொதல்ல வச்சா. நாங்கதான் வைக்கச் சொன்னோம்."

பிறகு அவர் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன். கம்பெனியின் காகிதம் நல்ல காகிதம்தான் என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆனால் கைநாட்டு இல்லாமல் கம்பெனி வீடு கட்டாது. வீட்டுச் சாவி இல்லாமல் இவர்கள் கைநாட்டு வைக்க முடியாது, சாமி முன்னால் சத்தியம். தாங்களே போட்ட முடிச்சு, அவிழ்க்க வழியில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் ஆயாக் கொட்டகையில் கூடிப் பேசினார்கள். எல்லோருக்கும் வைக்க ஆசை, முதலில் வைக்க எல்லோருக்கும் பயம். சூடம் அடித்துச் செய்த சத்தியத்தை முதலில் உடைப்பவரின் பிள்ளைகுட்டிக்குத்தான் முனியாண்டி கேடு செய்வார் என்று நம்பினார்கள். அஞ்சலையிடம் போய் நின்றார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாராம்.

"யாராச்சும் ஒருத்தர் சாமிகிட்ட கெட்ட பேரு வாங்கித்தான் ஆவணும், அதை நான் வாங்கிக்கிறேன், நீங்க கேட்டதா வெளிய சொல்லிக்காதீங்கன்னு சொல்லிட்டு நடந்துபோனா. நம்மளக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னா. நாங்க அதையே சாக்கா புடிச்சுக்கிட்டோம். பொறவு மூலை வீடு வேற விழுந்துச்சா, வயித்தெரிச்சல்ல நானே நாலு பேருகிட்ட பேசியிருக்கேன்."

"அவங்க செத்தப்ப ஏன் வரல?" என்றார் லெட்சுமி.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர?"

கோயில் பொருளாளர் எழுந்து, அன்னிக்கு நானும் இருந்தேன், நானும்தான் கேட்டேன் என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு ஒருவர் பின் ஒருவராக, சில பேர் அழுதுகொண்டு, சில பேர் சண்டைக்கு நிற்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு. ஷோனாவுக்கு இந்த மறுபாதி தெரிந்திருந்ததா? எனக்குத் தெரியாது. யாரோ ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கலாம், அல்லது அவரே மோப்பம் பிடித்திருக்கலாம். தெரிந்திருந்தாலும் அவர் எழுதியிருக்க மாட்டார் என்பது மட்டும் எனக்கு நிச்சயம். அதைச் சொல்ல வேண்டியவர்கள் இங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வரியை என்ன செய்ய என்று லெட்சுமியைக் கேட்டேன். இருக்கட்டும் பாய் என்றார். பாக்கியம் அக்கா என் பக்கம் திரும்பினார். "எடுக்காத. அதுக்குப் பக்கத்துலயே எங்களையும் எழுது" என்றார். அன்று யாரும் நேராக வீட்டுக்குப் போகவில்லை. லெட்சுமி கதவைத் திறந்துவிட்டுக் காப்பி போடப் போனார், போன இடமெல்லாம் ஆள். மூலை வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லாமல் நான் ரோட்டோரத்தில் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

எடின்பரோவுக்கு இன்னொரு வாக்கியம் சேர வேண்டும் என்று எழுதினேன். பக்கம் கோத்தாகிவிட்டது என்றார்கள். பிரித்து மறுபடி கோத்துவிடுங்கள் என்றேன். புத்தகம் முழுக்க ஓர் ஆசிரியரின் குரல், கடைசியில் திடீரென்று 'நாங்கள்' என்று வந்தால் யார் அந்த நாங்கள் என்று வாசகர் குழம்புவார் என்றார்கள். குழம்புகிறவர் செமிலிங்குக்கு வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதினேன். இதை ஷோனா சொல்லியிருந்தால் அழகாக இருந்திருக்கும், நான் சொன்னதில் கொஞ்சம் திமிர்தான் தெரிந்தது. பரவாயில்லை, ஒத்துக்கொண்டார்கள். மழையை எடுத்துவிட்டோம்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. யாரைப் பற்றி எழுதினாலும் அவர்கள் முகத்துக்கு நேரே நின்று வாசிக்கிற நெஞ்சுரம். இந்த அஞ்சலியையும் நேற்று மண்டபத்தில் வாசித்துவிட்டுத்தான் உங்களுக்குத் தருகிறேன். ஷோனாவை நான் ரொம்பக் கோபக்காரராக எழுதிவிட்டேன் என்று லெட்சுமி திருத்தினார், சில இடங்களை மாற்றினேன். இன்னும் தப்பிருந்தால் எழுந்து நின்று சொல்லுங்கள். ஷோனா கில்வரியின் கடைசிப் புத்தகம் எல்லா மொழியிலும் இப்படித்தான் முடியும்:

முதலில் கைநாட்டு வைத்தவர் அஞ்சலை. வைக்கச் சொன்னவர்கள் நாங்கள்.